மொரோக்கோ உங்களுக்கு ஒத்துவருமா?



வானொலி நிலையத்துக்கு வரும் குரல் பதிவுகளில் பாதி, பாட்டு கேட்டு வருபவை. கால்வாசி பிறந்தநாள் வாழ்த்து. மிச்சம் இருக்கும் கால்வாசியில்தான் சுவாரசியமே. "அக்கா, நீங்க மொரோக்கோ போயிட்டு வந்தீங்கதானே? நாங்க போகலாமா?" என்ற கேள்வி சில மாதங்களாக விடாமல் வருகிறது. நீலச் சுவர்ச் சந்து, மணல்மேட்டில் ஒட்டக வரிசை, வண்ண விளக்குக் கடை ஆகிய மூன்றையும் கைப்பேசியில் பார்த்துவிட்டுத்தான் பெரும்பாலோர் கேட்கிறார்கள்.

"நல்ல ஊரா?" என்று கேட்டால் "ஆமாம்" என்று சொல்லிவிட்டு அடுத்த பாட்டைப் போட்டுவிடலாம். "எங்களுக்கு ஒத்துவருமா?" என்று கேட்டால், நான்தான் திருப்பிக் கேட்க வேண்டும். யாரை அழைத்துப் போகிறீர்கள்? எத்தனை நாள் இருக்கிறது? என்ன சாப்பிடுவீர்கள்? எவ்வளவு நடப்பீர்கள்? நிகழ்ச்சியில் அதற்கு நேரம் கிடையாது. இங்கே ஒரு பக்கம் கொடுத்திருக்கிறார்கள், ஒவ்வொன்றாகப் பார்த்துவிடுவோம்.

நாள் கணக்கு

கோலாலம்பூரிலிருந்து மொரோக்கோவுக்கு நேரடி விமானம் இல்லை. துபாய், டோஹா, இஸ்தான்புல் என்று எங்காவது இறங்கி மாறித்தான் காசாபிளாங்கா போக வேண்டும். வானத்தில் மட்டும் ஏறத்தாழ 15 மணி நேரம். காத்திருப்பையும் சேர்த்தால் முழுதாக ஒரு நாள் போய்விடும். அங்கே நேரம் நமக்கு 7 மணி பின்னால். போன முதல் இரண்டு நாள் விடியற்காலை 3 மணிக்கே எல்லாரும் விழித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பீர்கள்.

ஐந்து நாள் ஆண்டு விடுப்பு, முன்னும் பின்னும் சனி ஞாயிறு, ஆக ஒன்பது நாள் என்பதுதான் நம்மில் பலருடைய கணக்கு. அதில் போக வர இரண்டு நாளும், தூக்கம் சரியாக ஒரு நாளும் கழித்தால் மிஞ்சுவது ஆறு. ஆறு நாளில் மொரோக்கோவின் ஒரு மூலையை நிதானமாகப் பார்க்கலாம். நான்கு மூலையையும் பார்க்கக் கிளம்பினால், வேனின் சன்னலைத்தான் பார்த்துவிட்டு வருவீர்கள். பத்து, பன்னிரண்டு நாள் கையில் இருப்பவர்களுக்கே இந்த நாடு மனம் திறக்கும்.

ஒரு வசதி உண்டு. மலேசியக் கடப்பிதழுக்கும் சிங்கப்பூர்க் கடப்பிதழுக்கும் சுற்றுலா விசா தேவையில்லை. தங்க அனுமதிக்கும் நாட்கள் நாட்டுக்கு நாடு வேறுபடும் என்பதால், டிக்கெட் எடுக்கும் முன் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். கணவரோ மனைவியோ இந்தியக் கடப்பிதழில் இருக்கும் வீடுகள் நம்மிடையே நிறைய. அவர்களுக்கு விசா வேண்டும். அதை முதலில் முடித்துவிட்டு விமானத்தைப் பாருங்கள்.

எந்த மாதம்?

மார்ச் முதல் மே வரை, செப்டம்பர் கடைசி முதல் நவம்பர் வரை நல்ல பருவம். ஜூலை, ஆகஸ்ட்டில் மராக்கேஷ் 40 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டும். நம் வெயிலுக்குப் பழகியவர்கள்தானே என்று நினைக்காதீர்கள். நம் வெயிலில் ஈரம் இருக்கும். அது அடுப்பின் மூடியைத் திறந்தது போன்ற வெயில்.

பிள்ளைகளின் பள்ளி விடுமுறையைப் பார்த்து டிசம்பரில் போகிறவர்கள் இன்னொன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். பகலில் வெயில் இதமாக இருக்கும். இரவு பாலைவனத்தில் பூஜ்யத்தை ஒட்டி இறங்கும். அட்லஸ் மலையில் பனி கொட்டினால் கணவாய்ச் சாலையை மூடிவிடுவார்கள். ஒட்டகத்தையும் பனியையும் ஒரே பயணத்தில் பார்க்கும் நாடு இது. பெட்டியில் கம்பளி இல்லாமல் போனால் இரண்டையும் ரசிக்க முடியாது.

ரமலான் மாதத்தில் பகலில் பல உணவுக்கடைகள் மூடியிருக்கும், நகரம் மெதுவாக நகரும். நோன்பு திறந்த பிறகு தெருவெல்லாம் திருவிழா. சிறு பிள்ளைகளுடன் போகிறவர்களுக்குச் சிரமம். இரவு வாழ்க்கையைப் பார்க்க ஆசைப்படும் இளையர்களுக்கு அதுவே காரணமாகலாம். ரமலான் ஒவ்வோர் ஆண்டும் ஏறத்தாழ 11 நாள் முன்னே நகரும். நாட்காட்டியைப் பாருங்கள்.

வயிறு என்ன சொல்கிறது?

நம் குடும்பப் பயணங்கள் பாதியில் கசப்பது பெரும்பாலும் சாப்பாட்டில்தான். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நம் முஸ்லிம் குடும்பங்களுக்குக் கவலையே இல்லை. நாடு முழுவதும் ஹலால். ஆடு, கோழி, மீன் சாப்பிடும் மற்றவர்களுக்கும் சிக்கல் இல்லை. மாட்டிறைச்சி தவிர்ப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். 'கெஃப்தா' என்று வரும் உருண்டைக்கறி ஆட்டிலும் செய்வார்கள், மாட்டிலும் செய்வார்கள். கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள்.

சைவம்தான் சோதனை. மெனுவில் 'காய்கறித் தஜின்', 'ஏழு காய்கறி கூஸ்கூஸ்' என்று எழுதியிருக்கும். காய்கறிதான், ஆனால் வெந்தது பல இடங்களில் இறைச்சிச் சாற்றில். 'ஹரீரா' என்ற தக்காளி, பருப்பு சூப்பிலும் அப்படியே. அவர்கள் ஏமாற்றவில்லை. தட்டில் இறைச்சித் துண்டு இல்லையென்றால் அது காய்கறி உணவு என்பது அவர்கள் வழக்கம். "பிலா ல்ஹம்" என்றால் இறைச்சி இல்லாமல். இதைச் சொல்லிவிட்டு, சாறும் வேண்டாம் என்று சைகையிலாவது விளக்கிவிடுங்கள்.

தைரியமாகச் சாப்பிடக்கூடியவையும் இருக்கின்றன. 'ஸாலூக்' என்பது கத்திரிக்காயும் தக்காளியும் மசித்தது. நம் கத்திரிக்காய் கொத்சுவுக்குத் தூரத்து உறவு. 'பிஸாரா' என்பது காய்ந்த பெரிய அவரையை வேகவைத்துக் கடைந்து, மேலே ஆலிவ் எண்ணெயும் சீரகத்தூளும் போட்ட கூழ். குளிர்காலக் காலைக்கு அதைவிட நல்லது கிடையாது. பிறகு 'ம்ஸெமென்'. மாவை எண்ணெய் தடவி மெல்லிசாக இழுத்து, சதுரமாக மடித்து, கல்லில் சுடுகிறார்கள். என் அம்மா முதல் நாள் காலை அதைப் பிய்த்துப் பார்த்துவிட்டு, "இது நம்ம ரொட்டி சானாய்தானே, பருப்புக் குழம்பு எங்கே?" என்று கேட்டார். அங்கே தேனும் வெண்ணெயும்தான் தருவார்கள். புதினாத் தேநீரை உயரத்திலிருந்து ஊற்றும்போது மாமாக் கடை ஞாபகம் வரும். சர்க்கரையும் அதே அளவுதான். நீரிழிவு உள்ளவர்கள் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

காரம் இருக்காது. மசாலா மணக்கும், நாக்கில் சுடாது. ஒரு சம்பல் பாட்டிலோ ஊறுகாய்ப் பொட்டலமோ எடுத்துப் போவதில் வெட்கம் வேண்டாம்.

கால் என்ன சொல்கிறது?

மராக்கேஷ், ஃபெஸ் இரண்டிலும் பார்க்க வேண்டியது 'மெதினா' என்னும் பழைய நகரம். ஃபெஸ் மெதினா 1981-இலும் மராக்கேஷ் மெதினா 1985-இலும் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தன. 859-இல் தொடங்கிய அல்-கராவியீன் ஃபெஸ்ஸில்தான் இருக்கிறது. பள்ளிவாசலாகத் தொடங்கி, இன்று பல்கலைக்கழகமாகவும் இயங்கிவரும் இடம். இந்தப் பழைய நகரத்துக்குள் கார் கிடையாது. சாமான் சுமந்து கழுதையும் கோவேறுகழுதையும் வரும். பின்னாலிருந்து "பாலாக்!" என்று குரல் கேட்டால் சுவரோடு ஒட்டிக்கொள்ளுங்கள்.

தங்கும் இடம் 'ரியாத்'. நடுவில் திறந்த முற்றம், சுற்றிலும் அறைகள். செட்டிநாட்டு வீட்டைப் பார்த்தவர்களுக்கு அந்த அமைப்பு உடனே பிடித்துப்போகும். படத்தில் தெரியாதது என்னவென்றால், பல ரியாத்களில் மின்தூக்கி இல்லை. படிகள் குறுகல், செங்குத்து. டாக்சி மெதினா வாசலில் நின்றுவிடும். அங்கிருந்து பெட்டிகளைத் தள்ளுவண்டியில் ஏற்றி, கல் பாவிய சந்துகளில் நடக்க வேண்டும். பெரியவர்கள் வந்தால், பதிவு செய்யும்போதே இரண்டு கேள்வி கேளுங்கள்: தரைத்தள அறை உண்டா? வண்டி நிற்கும் இடத்திலிருந்து எத்தனை நிமிட நடை?

இன்னொரு சின்ன விஷயம். நகருக்குள் ஓடும் சிறிய டாக்சியில் மூன்று பேருக்கு மேல் ஏற்றக்கூடாது. நான்கு பேர் குடும்பம் என்றால் இரண்டு டாக்சி, அல்லது பெரிய டாக்சி. முதல் நாள் இரவு தெருவில் நின்று இதைத் தெரிந்துகொள்வதைவிட இப்போதே தெரிந்துகொள்வது நல்லது.

நகரங்களுக்கு இடையே ரயில் நன்றாக இருக்கிறது. காசாபிளாங்காவிலிருந்து மராக்கேஷ் மூன்று மணி நேரத்துக்குள். டாஞ்சியருக்கு 'அல் போராக்' அதிவேக ரயில், 2018 நவம்பரிலிருந்து ஓடுகிறது. மணிக்கு 320 கிலோமீட்டர் வேகம், ஆப்பிரிக்காவிலேயே முதலாவது.

அந்த டாஞ்சியரில் 1304-இல் பிறந்தவர்தான் இப்னு பத்தூதா. மதுரையை சுல்தான்கள் ஆண்ட காலத்தில் அங்கே வந்து போனவர், சுமத்ராவையும் பார்த்தவர். எழுநூறு ஆண்டுகளுக்கு முன்பே நம் பக்கத்துக்கு ஒருவர் வந்துவிட்டார். நாம்தான் பதில் பயணத்துக்குத் தாமதம்.

மணல் எங்கே இருக்கிறது?

படத்தில் பார்க்கும் உயரமான செந்நிற மணல்மேடுகள் பெரும்பாலும் மெர்ஸூகா அருகே உள்ளவை. மராக்கேஷிலிருந்து ஏறத்தாழ 560 கிலோமீட்டர். கே.எல்.–ஜொகூர் பாரு தூரத்தைவிட மிக அதிகம், அதுவும் நம் நெடுஞ்சாலை போலல்ல. வழியில் 2,260 மீட்டர் உயரத்தில் திஷ்கா கணவாய், கெந்திங்கைவிட உயரம், கேமரன் மலையைப் போல வளைவு. ஒரே மூச்சில் போனால் ஒன்பது, பத்து மணி நேரம். அதனால்தான் இதை இரண்டு நாளாகப் பிரிப்பார்கள். வழியில் 'அய்ட் பென்ஹாடு' மண் கோட்டை, 'கிளாடியேட்டர்' படம் எடுத்த இடம், வண்டியை நிறுத்திப் பார்க்கத் தகுந்தது.

"மராக்கேஷிலிருந்து ஒரு மணி நேரத்தில் பாலைவனம்" என்று விளம்பரம் பார்த்தால் அது அகஃபாய். அழகான இடம்தான். ஆனால் கல்லும் மண்ணுமான வெளி, மணல்மேடு அல்ல. குழந்தை மணலில் சறுக்க வேண்டும் என்று கனவோடு வந்தால் முகம் வாடிவிடும்.

நீலச் சுவர் ஷெஃப்ஷாவென் இருப்பது வடக்கே, ரிஃப் மலையில். மணல் தென்கிழக்கே. கைப்பேசியில் ஒரு விரல் தள்ளினால் வந்துவிடும் இரண்டும், தரையில் நாட்டின் எதிரெதிர்ப் பக்கங்கள்.

தொல்லைகள்

மெதினாவில் "அந்தப் பாதை மூடிவிட்டது, நான் காட்டுகிறேன்" என்று ஒருவர் வருவார். வழிகாட்டிவிட்டுப் பணம் கேட்பார். மராக்கேஷின் ஜெமா எல்-ஃப்னா சதுக்கத்தில் குரங்கைத் தோளில் ஏற்றி விடுவார்கள், கையைப் பிடித்து மருதாணி போடத் தொடங்குவார்கள், பிறகு விலை சொல்வார்கள். கறுப்பு மருதாணியை எந்த விலைக்கும் தவிர்த்துவிடுங்கள். அதில் கலக்கும் சாய ரசாயனம் தோலைப் புண்ணாக்கக் கூடும். "லா, ஷுக்ரான்" என்று சிரித்தபடி சொல்லிவிட்டு நிற்காமல் நடந்தால் பெரும்பாலும் போதும். நம் முகத்தைப் பார்த்ததும் "ஷாருக் கான்!" என்று கூப்பிடுவார்கள். அது தொல்லையில் சேராது, அன்பு.

தனியாகப் போகும் பெண்களுக்கு: போகலாம், பலர் போகிறார்கள். ஆனால் பகலெல்லாம் யாராவது பின்னால் பேசிக்கொண்டே வருவதைத் தாங்கும் பொறுமை வேண்டும். ஓய்வெடுக்கவே விடுமுறை என்றால், முதல் முறை ஒரு துணையோடு போங்கள்.

பணம் திர்ஹாம். ஒரு வெள்ளிக்கு ஏறத்தாழ இரண்டு திர்ஹாம், ஆகவே விலையைப் பாதியாக்கிப் பாருங்கள். இங்கிருந்து யூரோவோ அமெரிக்க டாலரோ எடுத்துப் போய் அங்கே மாற்றுங்கள். மிச்சத்தைக் கிளம்பும் முன் திருப்பி மாற்றிவிடுங்கள். ட்ரோன் எடுத்துப் போகாதீர்கள், விமான நிலையத்திலேயே பிடித்து வைத்துக்கொள்வார்கள். முஸ்லிம் அல்லாதவர்கள் பெரும்பாலான பள்ளிவாசல்களுக்குள் நுழைய முடியாது. காசாபிளாங்காவின் இரண்டாம் ஹசன் பள்ளிவாசல் மட்டும் வழிகாட்டியோடு பார்க்கத் திறந்திருக்கிறது. அதைத் தவறவிடாதீர்கள்.

ஒரு வீட்டின் கணக்கு

வந்த குரல் பதிவுகளில் ஒன்று மட்டும் மனத்தில் தங்கிவிட்டது. கிள்ளானிலிருந்து ஒரு தங்கை. கணவன், மனைவி இருவருக்கும் வேலை. பிள்ளைகளுக்கு வயது 9, 6. கூடவே 71 வயது மாமனார். தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர், முட்டி வலி உள்ளவர், விமானத்தில் சென்னையைத் தாண்டிப் போகாதவர். இரண்டு ஆண்டு போனஸைத் தொடாமல் வைத்திருக்கிறார்கள். ஒன்பது நாள்தான் இருக்கிறது. "மாமாவுக்கு இதுக்கப்புறம் இன்னொரு பெரிய பயணம் இருக்குமான்னு தெரியலக்கா" என்றார்.

அவர்கள் போட்டு வைத்திருந்த பட்டியல்: காசாபிளாங்கா, ஷெஃப்ஷாவென், ஃபெஸ், மெர்ஸூகா, மராக்கேஷ். ஐந்து ஊர், ஆறு நாள். ஒரு கேள்விதான் திருப்பி அனுப்பினேன். "மாமா எதைப் பார்க்க ஆசைப்படுகிறார்? எல்லாரும் இருக்கும்போது கேட்காதீர்கள், தனியாகக் கேளுங்கள்."

நம் பெரியவர்களைக் கூட்டத்தில் கேட்டால் ஒரே பதில்தான் வரும்: "எனக்கு என்ன, நீங்க போற எடத்துக்கு வரேன்." முட்டி வலியையும் சொல்ல மாட்டார்கள், ஆசையையும் சொல்ல மாட்டார்கள். என் அம்மாவும் அப்படித்தான். ரியாத்தில் மூன்றாம் மாடி அறை என்றதும் "பரவால்லடி" என்றார். இரண்டாம் நாள் இரவு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்ததைப் பார்த்த பிறகுதான் அறையை மாற்றினோம்.

மறுநாள் பதில் வந்தது. மாமா சொன்னாராம்: "அந்த மணல்ல ஒரு தடவ உக்காரணும். அவ்வளவுதான்."

அப்படியானால் கணக்கே வேறு என்று எழுதினேன். மெர்ஸூகாவை நடுவில் வைத்துவிட்டு மற்றதை வெட்டுங்கள். அதற்கு வடக்கே எர்ராஷிடியாவில் சிறிய விமான நிலையம் இருக்கிறது. அங்கிருந்து சாலையில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல். காசாபிளாங்காவிலிருந்து அங்கே விமானம் கிடைக்கும் நாளைப் பார்த்துப் பயணத்தை அமையுங்கள். மலைச் சாலை மிச்சம். ஒட்டகம் எழும்போதும் உட்காரும்போதும் உடம்பைத் தூக்கிப் போடும், முட்டி வலிக்காரருக்கு வேண்டாம். கூடாரம் வரை ஜீப் போகும். மூன்று இரவு அங்கே, இரண்டு இரவு காசாபிளாங்காவில். ஷெஃப்ஷாவென், ஃபெஸ், மராக்கேஷ் இந்த முறை இல்லை.

தங்கை ஆசைப்பட்டது அந்த நீலச் சந்துக்குத்தான். அதை விட்டுக்கொடுக்கச் சொல்வது எனக்குச் சுலபம், அவருக்குச் சுலபமில்லை. இதை எழுதும்வரை அவர்கள் முடிவெடுக்கவில்லை.

வேறு நாடு?

பெரியவர்களோடு குறைந்த அலைச்சலில் பெரிய அதிசயம் பார்க்க வேண்டுமா? அதே வட ஆப்பிரிக்காவில் எகிப்து உங்களுக்கு இன்னும் ஒத்துவரலாம். லக்சர், அஸ்வான் இடையே நைல் நதிக் கப்பலில் ஒரே அறை, தினமும் பெட்டி கட்டத் தேவையில்லை, கோவில்கள் கரையோரம். பிரமிடுகளுக்குப் பக்கத்திலேயே மாபெரும் எகிப்திய அருங்காட்சியகம் 2025 நவம்பரில் அதிகாரபூர்வமாகத் திறந்திருக்கிறது. எகிப்தின் செங்கடல் கரையில் தமிழ்ப் பிராமி எழுத்து பொறித்த பானை ஓடுகள் கிடைத்திருக்கின்றன என்பது பிள்ளைகளுக்குச் சொல்ல நல்ல கதை. ரோமானிய இடிபாடுகள் பிடிக்குமா? துனிசியாவில் எல் ஜெம் அரங்கமும் கார்த்தேஜும் இருக்கின்றன. கடலும் ஓய்வும்தான் வேண்டுமா? நம் லங்காவியே போதும். மொரோக்கோவின் அட்லாண்டிக் கடல் நமக்குக் குளிரும்.

சந்தையில் தொலைந்து போவதை ரசிப்பவர்கள், பேரம் பேசுவதை விளையாட்டாக எடுத்துக்கொள்பவர்கள், பத்து நாளைக்கு மேல் உள்ளவர்கள், புதுச் சாப்பாட்டுக்கு வயிறு சம்மதிப்பவர்கள் தயங்காமல் போய் வாருங்கள். ஸ்பெயின், போர்ச்சுகலோடு சேர்ந்து 2030 உலகக் கிண்ணக் காற்பந்தை நடத்தப் போகிறார்கள். அதற்கு முன்பே போவது நல்லது, அப்போது கூட்டமும் விலையும் வேறாக இருக்கும்.

இன்னும் தயக்கமா? புத்ராஜெயா தாவரவியல் பூங்காவில் மொரோக்கோ மண்டபம் ஒன்று இருக்கிறது. அந்த ஊர்க் கலைநயத்தில் பதித்த ஓடுகளும் செதுக்கிய சுவர்களுமாக அமைத்திருக்கிறார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு போய் உட்காருங்கள். திரும்பி வந்ததும் ஆளுக்கு ஒரு துண்டுச் சீட்டு கொடுத்து, "இந்தப் பயணத்தில் எனக்குக் கட்டாயம் வேண்டியது" என்று ஒன்றே ஒன்று எழுதச் சொல்லுங்கள். பாட்டிக்கும் ஒரு சீட்டு, சின்னவனுக்கும் ஒரு சீட்டு. எல்லாச் சீட்டும் ஒரே பயணத்தில் அடங்கினால் டிக்கெட் எடுங்கள். அடங்காவிட்டால், யாருடைய சீட்டுக்கு இது கடைசி வாய்ப்போ அதை மேலே வையுங்கள்.

அடுத்த வாரம் சந்திப்போம்.